வேலைக்கு ஆள் எடுக்கும்போது கம்பெனிக்குள் என்ன நடக்கிறது?

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். நூற்றைம்பது பேர் வேலை பார்க்கிறார்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு ஓர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை. நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தில் விளம்பரம் ஏறிய நான்காம் நாள் முந்நூறு விண்ணப்பங்கள் வந்து நிற்கின்றன. நாற்காலி ஒன்று. முந்நூறு எப்படி ஒன்றாகிறது, எந்தப் படியில் யார் உதிர்கிறார்கள், ஏன் உதிர்கிறார்கள் என்பதை இந்த ஒரே வேலையை வைத்துப் பார்த்துவிடலாம். வேலை மாறினால் கேள்விகள் மாறும். படிகள் பெரும்பாலும் இவைதான்.

ஆள் எடுப்பவர் கையில் இருப்பது இரண்டு பக்க ரெஸ்யூமும் ஒரு மணி நேரப் பேச்சும். அதை வைத்து, எதிரில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த இரண்டு மூன்று வருடம் எப்படி வேலை செய்வார் என்று சொல்லியாக வேண்டும். இதில் தவறு இரண்டு விதமாக நேரும். சரிப்படாதவரை எடுத்துவிடுவது ஒன்று, சரியானவரை விட்டுவிடுவது இன்னொன்று. முதல் தவறு ஊரறியத் தெரியும். மூன்றாம் மாதம் வரித்துறை நோட்டீஸ் வந்தால் 'இந்த ஆளை யார் எடுத்தது?' என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டாவது தவறை யாரும் பார்ப்பதில்லை. விட்டுவிட்ட ஆள் வேறெங்கோ நன்றாக வேலை செய்துகொண்டிருப்பார், அவ்வளவுதான். அதனால் எடுப்பவர் மனசு எப்போதும் கழிக்கும் பக்கமே சாயும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அந்த ரெஸ்யூம் ஓரம் போய்விடும். 'என்னிடம் என்ன குறை கண்டார்கள்?' என்று குழம்பும் பலரிடம் குறையென்று ஒன்றுமே இருந்திருக்காது.

விளம்பரத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது

தேர்வு கெட்டுப்போவது பெரும்பாலும் இன்டர்வியூவில் இல்லை, அதற்கும் முன்னாலேயே. 'போன தடவை போட்ட விளம்பரத்தையே போட்டுடுங்க' என்று மேலாளர் சொல்வார். பழைய விளம்பரத்தில் எம்.காம்., ஐந்து முதல் எட்டு வருட அனுபவம், டேலி, எஸ்ஏபி ஆகிய மென்பொருள்கள், சரளமான ஆங்கிலம், இந்தி தெரிந்தால் நல்லது, சொந்த இருசக்கர வாகனம் என்று நீளமாக இருக்கும். அந்த மேஜையில் எஸ்ஏபியை யாரும் தொட்டதே இருக்காது.

இதற்குப் பதிலாக, இந்த வேலையில் இருப்பவர் ஒரு மாதத்தில் என்னென்ன முடிக்க வேண்டும் என்று நாள்காட்டியை வைத்து எழுதினால் கதை மாறும். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனி என்றால் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம். சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலாக 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பியைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிட வேண்டும். 15ஆம் தேதி ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியான பிஎஃப், மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ. 20ஆம் தேதி வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி. நடுவில் பேங்க் கணக்கைச் சரிபார்க்கும் பிஆர்எஸ், சப்ளையர்களின் பாக்கிப் பட்டியல், வசூலுக்கான போன்கள். இப்படி எழுதியதும் தேவைகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். டேலியில் கை ஓட வேண்டும், ஜிஎஸ்டி தாக்கல் செய்த பழக்கம் வேண்டும், தேதி தவறாத ஒழுங்கு வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் முடியாது. எம்.காம். இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கட்டாயப் பட்டியல் நான்கு வரியைத் தாண்டினால் அதில் ஒன்றாவது கட்டாயமில்லாததாகத்தான் இருக்கும்.

விண்ணப்பங்கள் வரும் வழிகள் மூன்று நான்கு: நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்கள், உள்ளே வேலை செய்பவர் சொல்லி வருவது, ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி, அப்புறம் வாட்ஸ்அப் குழுக்கள். தெரிந்தவர் மூலம் வருகிறவருக்கு ரெஸ்யூம் திறந்து பார்க்கப்படும் என்ற உத்தரவாதமாவது உண்டு. முந்நூறில் ஒன்றாக இருப்பதை விட அது பெரிய விஷயம். கன்சல்டன்சிக்குக் கட்டணம் கொடுப்பது கம்பெனிதான். வழக்கமான விகிதம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 'வேலை வாங்கித் தருகிறேன், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஐயாயிரம் கட்டுங்கள்' என்று விண்ணப்பதாரரிடம் கேட்பவர் வேறு தொழில் செய்கிறார்.

முதல் சல்லடை: ரெஸ்யூம்

முந்நூறையும் யாரும் வரி விடாமல் படிப்பதில்லை. எச்.ஆர். பிரிவில் இருப்பவர் முதலில் வடிகட்டியைப் போடுகிறார்: கோவை அல்லது கோவைக்கு வரத் தயாராக இருப்பவர், அனுபவம் இரண்டு முதல் ஆறு வருடம், எதிர்பார்க்கும் சம்பளம் இந்த வரம்புக்குள், நோட்டீஸ் பீரியட், அதாவது பழைய கம்பெனியிலிருந்து விலக ஆகும் காலம், முப்பது நாளுக்குள். நான்கு சொடுக்கில் முந்நூறு எண்பதாகிவிடும். நௌக்ரியில் நோட்டீஸ் பீரியட் கட்டத்தை நிரப்பாமல் விட்டவரும், இரண்டு வருடம் முன்பு போட்ட சம்பளத்தை மாற்றாமல் வைத்திருப்பவரும் இங்கேயே காணாமல் போவார்கள். திறமையைப் பற்றிய பேச்சே இன்னும் தொடங்கவில்லை.

'ரெஸ்யூமை மென்பொருள் நிராகரித்துவிடுகிறது' என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது வரிசைப்படுத்துகிறது, முடிவெடுப்பது ஆள்தான். தானாகக் கழிப்பது விண்ணப்பப் படிவத்தில் வரும் ஆம்/இல்லை கேள்விகள்: 'இரவு ஷிப்டுக்குத் தயாரா?', 'ஜிஎஸ்டி தாக்கல் அனுபவம் உண்டா?' அவசரத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டால் எவ்வளவு நல்ல ரெஸ்யூம் இணைத்தும் பயனில்லை. இன்னொரு சிக்கல், மென்பொருளால் வாசிக்க முடியாத கோப்பு. ரெஸ்யூமைப் பிரிண்ட் எடுத்து, மொபைலில் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் சில மென்பொருள்களுக்கு அது வெறும் படம். ஒரு எழுத்தும் ஏறாது. இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து அட்டவணைக்குள் போட்ட ரெஸ்யூமில் தேதிகள் இடம் மாறி, 2019 முதல் 2023 வரை செய்த வேலை ஒரு வருட வேலையாகப் பதிவாவதும் உண்டு. வேர்டில் தட்டச்சு செய்து நேரடியாக பிடிஎஃப் ஆகச் சேமித்த, ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாக ஓடும் ரெஸ்யூமுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. நமக்கு இனிஷியல்தான் வழக்கம்; படிவமோ 'லாஸ்ட் நேம்' கேட்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வி க.' என்று இருக்கும், பான் கார்டில் 'செல்வி கந்தசாமி', ஆதாரில் 'க செல்வி'. வேலை உறுதியான பிறகு ஆவணங்களைச் சரிபார்க்கும் ஏஜென்சி இதை 'பெயர் பொருந்தவில்லை' என்று எழுதி அனுப்பும். பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் ஒரு வாரம் இழுக்கும். படிவத்தில் பான் கார்டில் உள்ளபடியே எழுதிவிட்டு, சான்றிதழ்களில் இனிஷியலோடு இருக்கும் என்று ஒரு வரி முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த வாரம் மிச்சம்.

வடிகட்டிய எண்பதை மனிதக் கண் பார்க்கும்போது முதலில் விழுவது கடைசியாகச் செய்த வேலை, எவ்வளவு காலம் செய்தார், அந்தக் கம்பெனியின் அளவு. பிறகுதான் மற்றதெல்லாம். 'கணக்குப் பணிகள் அனைத்தையும் கவனித்தேன்' என்ற வரி எதையும் சொல்வதில்லை. 'மாதம் சுமார் 400 விற்பனை பில், 150 கொள்முதல் பில். ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டையும் நானே தயாரித்தேன், ஆடிட்டர் சரிபார்த்தார்' என்ற வரி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கடைசித் துண்டைக் கவனியுங்கள். தான் செய்ததையும் அடுத்தவர் செய்ததையும் பிரித்துச் சொன்னவர் மேல் வாசிப்பவருக்கு நம்பிக்கை வருகிறது.

பாகுபாடு அதிகம் நுழைவதும் இந்தப் படியில்தான். முகம் பார்க்காமல், காரணம் எழுதாமல் கழிக்க முடிகிற இடம் இது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் இந்தியாவில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகுதியெல்லாம் ஒன்றுபோல வைத்து, பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. கணினியிடம் கொடுத்துவிட்டால் இது தீரும் என்றும் சொல்ல முடியாது. அமேசான் சோதித்துப் பார்த்த ஒரு தேர்வு மென்பொருள், அதுவரை வந்த ரெஸ்யூம்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதால், பெண்கள் என்ற சொல் வரும் ரெஸ்யூம்களைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டது; அதைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளியானது. பெயர், புகைப்படம், ஊர், தந்தை பெயர் ஆகியவற்றை மறைத்துவிட்டு முதல் சுற்றைப் பார்ப்பது செலவில்லாத மருந்து. எக்செல்லில் நான்கு நெடுவரிசையை மறைத்தால் போதும். செய்பவர்கள்தான் குறைவு.

பத்து நிமிட போன்

எண்பதில் இருபத்தைந்து பேருக்குப் போன் போகும். இதை இன்டர்வியூ என்று நினைத்துப் பதறத் தேவையில்லை. கணக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் அழைக்கிறார்கள். இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும், வேலை நடக்கும் இடத்துக்குத் தினமும் வர முடியுமா, ஏன் மாறுகிறீர்கள்? இவைதான் கேள்விகள். சூலூரில் இருப்பவர் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு இரண்டு பஸ் மாறி வருவேன் என்றால், எடுப்பவர் மனதில் 'ஆறு மாதம் தாங்குமா?' என்ற கேள்வி விழும். கம்பெனி பஸ் உண்டா என்று திருப்பிக் கேட்பவர் அந்தக் கேள்வியைப் பாதி தீர்த்துவிடுகிறார்.

சம்பளம் பேசும்போது இரு தரப்பும் ஒரே எண்ணைச் சொல்லி வேறு வேறு பொருள் கொள்வது வாடிக்கை. கம்பெனி சொல்வது சிடிசி, அதாவது அந்த ஊழியருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. விண்ணப்பதாரர் காதில் விழுவது கைக்கு வரும் தொகை. மாதம் 30,000 சிடிசி, அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம் 1,800 ரூபாய், கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்கும் 4.81 சதவீதம் சுமார் 722 ரூபாய் இரண்டும் அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடங்கும். மீதி 27,478. அதிலிருந்து ஊழியர் பங்கு பிஎஃப் 1,800 போனால் 25,678. தொழில்வரி தனி. போனிலேயே 'கைக்கு எவ்வளவு வரும்?' என்று கேட்டுவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது. இதைக் கேட்காமல் ஆஃபர் லெட்டர் வரை வந்து கலைந்துபோன தேர்வுகள் எத்தனையோ.

வேலையையே ஒரு துண்டு செய்யச் சொல்வது

போனுக்குப் பிறகு பன்னிரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். இவர்களுக்குப் பொது அறிவுத் தாளோ, ரயில் வேகக் கணக்கோ கொடுத்தால் கணக்குப் பிரிவுக்கு அதனால் பெரிய லாபமில்லை. கொடுக்க வேண்டியது இந்த மேஜையில் நிஜமாக நடக்கும் வேலையில் நாற்பது நிமிடத் துண்டு.

ஒரு பிஆர்எஸ் கொடுக்கலாம். கம்பெனிப் புத்தகப்படி பேங்க் இருப்பு 4,82,300 ரூபாய். பேங்க் ஸ்டேட்மென்டில் 5,52,310. வித்தியாசம் 70,010. இரண்டு தாளும் விண்ணப்பதாரர் முன்னால் இருக்கின்றன. கண்டுபிடித்துப் பொருத்த வேண்டும். உள்ளே நான்கு காரணங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. சப்ளையருக்குக் கொடுத்த 65,000 ரூபாய் செக் இன்னும் பேங்குக்கு வரவில்லை. வசூலாக நாம் பேங்கில் போட்ட 18,000 ரூபாய் செக் இன்னும் கிளியராகவில்லை. பேங்க் 590 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் பிடித்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் 23,600 ரூபாயை நேரடியாக நெஃப்டில் அனுப்பியிருக்கிறார். நம் புத்தகத்தில் ஏறவில்லை.

தொகையைப் பொருத்துவது எளிது. பத்துக்கு நான்கு மதிப்பெண்தான் அதற்கு. மற்ற ஆறும் எப்படிப் பொருத்துகிறார் என்பதில் இருக்கிறது. 590ஐ அப்படியே பேங்க் சார்ஜில் எழுதுபவர் உண்டு; அதை 500 ரூபாய் கட்டணம், 90 ரூபாய் ஜிஎஸ்டி என்று பிரித்து, 90ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரியாக, எடுக்கலாம் என்று சொல்பவருக்கு இரண்டு மதிப்பெண். 23,600ஐ நேராக விற்பனைக் கணக்கில் ஏற்றுபவருக்குப் பூஜ்யம், ஏனென்றால் பில் ஏற்கெனவே விற்பனையில் இருக்கும், இரண்டு முறை விற்றதாகிவிடும். வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைப்பவருக்கு இரண்டு. 'இது யார் அனுப்பியது, எந்தப் பில்லுக்கு?' என்று நிமிர்ந்து கேட்பவருக்கு இன்னும் ஒன்று. தேதி, செக் எண் விடாமல் எழுதியிருந்தால் மீதி ஒன்று. கடைசியாக, வித்தியாசம் வருகிற தொகையைச் காரணம் தெரியாத தொகைகளைப் போட்டு வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிக் கணக்கைக் கட்டாயமாகச் சமன் செய்பவரும் வருவார். அவருடைய டேலி வேகம் எவ்வளவு இருந்தாலும் அவரைக் கணக்கு மேஜையில் உட்கார வைக்கக் கூடாது. இந்த ஒரு பழக்கத்தை எந்த இன்டர்வியூவும் வெளிக்கொண்டு வராது. இந்தத் தாள் வெளிக்கொண்டு வந்துவிடும்.

சோதனை என்ற பெயரில் கம்பெனியின் சொந்த வேலையை முடித்துக்கொள்வதும் நடக்கிறது. மூன்று நாள் 'அசைன்மென்ட்' கொடுத்து, வெப்சைட் வடிவமைப்பு வாங்கிக்கொண்டு, பதிலே சொல்லாத இடங்கள் உண்டு. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் சோதனைக்குப் பணம் கொடுப்பதுதான் முறை. கொடுக்க மனமில்லையென்றால் சோதனையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

எந்த அளவுகோல் எவ்வளவு சொல்லும்?

எந்தத் தேர்வு முறை பிற்கால வேலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத் தொழில் உளவியலாளர்கள் நூறு வருடமாக அளந்து வருகிறார்கள். 1998இல் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தது புகழ்பெற்றது. 2022இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கிலிருந்த மிகைப்படுத்தலைக் களைந்து எண்களைத் திருத்தினார்கள். அளவு 0 என்றால் சீட்டுக் குலுக்கலுக்குச் சமம், 1 என்றால் எதிர்காலம் கண்ணாடிபோலத் தெரிகிறது என்று பொருள். திருத்திய கணக்கில், எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு மதிப்பெண் போடும் இன்டர்வியூவுக்கு 0.42. வேலை அறிவுத் தேர்வுக்கு 0.40. வேலை மாதிரிச் சோதனைக்கு 0.33. பொதுவான அறிவுத்திறன் தேர்வுக்கு 0.31. மனம்போன போக்கில் பேசும் இன்டர்வியூவுக்கு 0.19. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.07. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதை 1998 தொகுப்பு 0.02 என்று மதிப்பிட்டது. ஜாதகத்தை யாரும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இந்த எண்களை நடைமுறைக்கு மாற்றினால் இப்படி வரும். விண்ணப்பித்தவர்களைத் தேர்வில் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரியுங்கள். மேல்பாதியில் வந்த நூறு பேரில் எத்தனை பேர் வேலையிலும் மேல்பாதியில் இருப்பார்கள்? கண்ணை மூடி எடுத்தால் 50. மனம்போனபடி பேசிப் பார்த்து எடுத்தால் தோராயமாக 56. முறைப்படுத்திய இன்டர்வியூ என்றால் 64. அனுபவ வருடத்தை மட்டும் பார்த்து எடுத்தால் 52. ஆக, மிக நல்ல ஒற்றை முறையும் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் விஷயத்தில் தவறுகிறது. 'அரை மணி நேரம் பேசினால் ஆளை எடை போட்டுவிடுவேன்' என்று சொல்லும் அனுபவசாலி முதலாளி, சீட்டுக் குலுக்கலை விட நூற்றுக்கு ஆறு பேர் அளவுக்குத்தான் மேல். இரண்டு மூன்று முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். 'குறைந்தது ஐந்து வருட அனுபவம்' என்ற வரியும் நாம் நினைப்பதை விடப் பலவீனமானது. ஒரே வருட வேலையை ஐந்து முறை செய்தவரும் அந்த ஐந்தில் அடக்கம்.

இன்டர்வியூ அறை

ஐந்து பேர் அழைக்கப்படுகிறார்கள். வழக்கமான இன்டர்வியூ 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்று தொடங்கி, சொந்த ஊர் எது, எந்தக் காலேஜ், அந்த ஊரில் இன்னாரைத் தெரியுமா என்று நகரும். ஊர் ஒன்றாக இருந்துவிட்டால் அறையே குளிர்ந்துவிடும். ஒரு நல்ல அம்சம் கண்ணில் பட்டதும் மற்ற எல்லாவற்றையும் நல்லதாகவே பார்க்கும் இந்தப் போக்கை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920லேயே ராணுவ அதிகாரிகளுக்குப் போட்ட மதிப்பெண்களில் கண்டு பெயர் வைத்தார்: ஒளிவட்ட விளைவு. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவருக்குக் கணக்கும் நன்றாக வரும் என்று தோன்றுவது நம் ஊரில் இதன் முதல் வடிவம். பிஆர்எஸ் தாளில் பத்துக்கு மூன்று எடுத்தவர் ஆங்கிலத்தால் மேலேறுவதும், ஒன்பது எடுத்தவர் தயங்கிப் பேசியதால் கீழிறங்குவதும் இந்த அறையில்தான் நடக்கும்.

இதைத் தடுக்கும் வழி அலுப்பானது, ஆனால் பலிக்கும். ஐந்து பேரிடமும் அதே ஆறு கேள்வி, அதே வரிசையில். ஒவ்வொரு கேள்விக்கும் எப்படிப்பட்ட பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஆட்கள் வருவதற்கு முன்பே எழுதி வைப்பது. கேள்விகள் இரண்டு வகைப்படும். ஒன்று, செய்ததைக் கேட்பது: 'அப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?' இன்னொன்று, செய்யப்போவதைக் கேட்பது: 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?' அனுபவம் உள்ளவருக்கு முதலாவது, ஃப்ரெஷருக்கு இரண்டாவது.

நம் கணக்கு வேலைக்கு ஒரு கேள்வி இப்படி இருக்கலாம்: 'ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்த பிறகு ஒரு பில்லில் வரி விகிதம் தப்பு என்று தெரிய வந்ததா? அப்போது என்ன செய்தீர்கள்?' 'ஆடிட்டர்கிட்ட சொல்லிடுவேன், அவர் பாத்துப்பார்' என்ற பதிலுக்கு ஒரு மதிப்பெண். 'அடுத்த மாதத் தாக்கலில் திருத்தம் போட்டேன்' என்றால் மூன்று. ஐந்து மதிப்பெண் பதில் வேறு மாதிரி நடக்கும். முதலில் அந்த மாத 3பி போய்விட்டதா என்று பார்த்தேன், போகவில்லையென்றால் திருத்தப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஏ மூலம் அதே மாதத்திலேயே திருத்தலாம். வாடிக்கையாளருக்குப் போன் செய்தேன், அவர்கள் எடுக்கும் உள்ளீட்டு வரியும் மாறும் அல்லவா. எப்படித் தப்பு வந்தது என்று பார்த்தால் டேலியில் அந்தப் பொருளின் வகைக் குறியீடான எச்எஸ்என் பதிவே தப்பாக இருந்தது, அதைச் சரிசெய்து அதே பொருளுக்குப் போட்ட மற்ற பில்களையும் பார்த்தேன். இப்படிச் சொல்பவர் அந்தத் தப்பைக் கையால் தொட்டவர். இடையில் புகுந்து 'எத்தனை பில்?', 'வாடிக்கையாளர் என்ன சொன்னார்?' என்று இரண்டு துணைக் கேள்வி போட்டால், யூடியூபில் பார்த்து ஒப்பிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

விண்ணப்பிப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது: நிலைமை என்ன, என் பொறுப்பு எது, நான் செய்தது என்ன, முடிவு என்னாயிற்று என்ற வரிசையில் மூன்று நான்கு சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள். 'நாங்க' என்று பேசுவது நமக்குப் பழகிய அடக்கம்தான், ஆனால் இன்டர்வியூவில் அது மதிப்பெண்ணைத் தின்றுவிடும். எதிரில் இருப்பவர் 'நாங்க'வில் உங்கள் பங்கு எது என்று தேடிக்கொண்டிருப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொள்ள எங்கே பார்ப்பேன் என்றும் சொன்னால் பெரும்பாலான இடங்களில் மதிப்பெண் குறையாது. உளறினால் குறையும்.

எடுப்பவர் பக்கம் இன்னொரு விதி: மூன்று பேர் இன்டர்வியூ எடுத்தால், மூவரும் மதிப்பெண்ணை எழுதி முடிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. எம்.டி. முதலில் 'பையன் நல்லா இருக்கான்ல?' என்று சொல்லிவிட்டால் மற்ற இரண்டு தாளும் வீண். பெண் விண்ணப்பதாரரிடம் மட்டும் 'கல்யாணம் எப்போ, குழந்தை இருக்கா?' என்று கேட்பது இன்னமும் சாதாரணமாக நடக்கிறது. ஆள் எடுப்பதில் பெண்களிடம் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது; அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இரவில் தாமதமாக வேலை இருக்கும் என்றால் 'மாதக் கடைசியில் எட்டு மணி வரை இருக்க வேண்டி வரும், முடியுமா?' என்று ஐவரிடமும் கேட்டால் தீர்ந்தது.

சரிபார்ப்பு

தேர்வானவர் சொன்னதெல்லாம் உண்மையா என்று பார்ப்பது இப்போது முன்னை விட எளிது. வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்ணான யுஏஎன் கணக்கில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகினார் என்று வரிசையாக இருக்கும். எட்டு மாத வேலையை இரண்டு வருடம் என்று எழுதியது அங்கே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் பிஎஃப் ஏறியிருந்தால் அதுவும் தெரியும். பட்டங்களை அரசின் டிஜிட்டல் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாகப் பார்க்கலாம். கேட்கும் காகிதங்கள் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட்.

வேலையில் இடைவெளி இருப்பது தன்னளவில் யாரையும் கழிக்காது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பரீட்சைக்குப் படித்தேன், குழந்தை பிறந்தது என்று ஒரு வரி போதும். அந்த இடைவெளியை மறைக்கத் தேதியை நீட்டியதுதான் ஆஃபரைப் பறிக்கிறது. சேர்ந்து நான்கு மாதம் கழித்துக்கூடப் பறித்திருக்கிறது. பழைய மேலாளரிடம் போன் போட்டு விசாரிப்பதில் பெரிய விஷயம் கிடைப்பதில்லை. எல்லோரும் 'நல்ல பையன் சார்' என்றுதான் சொல்வார்கள். 'மறுபடி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்டால் மட்டும் பதில் வருவதற்குள் ஒரு சிறு இடைவெளி விழுகிறதா என்று கவனிக்கலாம்.

முடிவு எடுக்கும் நாள்

பிஆர்எஸ் தாள், ஆறு கேள்வி மதிப்பெண், சேரும் தேதி, சம்பளம். எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்பது முன்பே எழுதியிருந்தால் இங்கே கூட்டல் மட்டும்தான். எழுதாமல் விட்டால், பிடித்தவருக்கு ஏற்றபடி எடை மாறும்: அவரிடம் பட்டம் பெரிதாக இருந்தால் பட்டம் முக்கியமாகும், அனுபவம் பெரிதாக இருந்தால் அனுபவம். முதல் இடம் வந்தவருக்கு ஆஃபர் லெட்டர் போகும். இரண்டாம் இடத்தாருக்கு எதுவும் போகாது, அதுதான் பிழை.

ஆஃபரை வாங்கியவர் தன் பழைய கம்பெனியிடம் காட்டிச் சம்பளம் உயர்த்திக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவது சர்வ சாதாரணம். நோட்டீஸ் பீரியட் அறுபது, தொண்ணூறு நாள் என்று நீண்டால் அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு ஆஃபர் வாங்குவதும் நடக்கும். சேர வேண்டிய திங்கட்கிழமை காலை போன் ஸ்விட்ச் ஆஃப். அப்போது இரண்டாம் இடத்தாரைத் தேடினால், ஒன்றரை மாதம் பதிலே இல்லாமல் காத்திருந்தவர் வேறெங்கோ சேர்ந்திருப்பார். 'நீங்கள் இரண்டாவதாக வந்தீர்கள், முதலாமவர் சேராவிட்டால் இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்' என்று அன்றே சொல்லியிருந்தால் அவர் எதிர்பார்த்திருப்பார். விண்ணப்பதாரர் பக்கம், பத்து நாளாகப் பதில் இல்லையென்றால் ஒரு முறை கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பட்டியலில் இரண்டாவதாக நிற்பவருக்கு அந்த மின்னஞ்சல் நிஜமாகவே பயன்படும்.

ஆள் சேர்ந்த பிறகு அந்த மதிப்பெண் தாள்கள் பெரும்பாலான இடங்களில் குப்பைக்குப் போகின்றன. வைத்திருந்து, புரொபேஷன் முடியும் ஆறாம் மாதம் எடுத்துப் பார்க்க வேண்டும். 11ஆம் தேதி, 20ஆம் தேதி தவறாமல் தாக்கல் ஆனதா, பிஆர்எஸ் மாதாமாதம் முடிந்ததா, ஆடிட்டர் எத்தனை பிழை காட்டினார் என்று ஒரு பக்கம். அன்று போட்ட மதிப்பெண்கள் மறுபக்கம். நான்கைந்து பேரை இப்படி எடுத்த பிறகு எந்தக் கேள்வி ஆளைச் சரியாகக் காட்டியது, எந்தக் கேள்விக்கு எல்லோருமே நான்கு மதிப்பெண் வாங்கினார்கள் என்பது தெரியத் தொடங்கும். எல்லோரும் ஒரே மதிப்பெண் வாங்கும் கேள்வியை அடுத்த முறை எடுத்துவிடலாம். 'அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?' என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் போகும்.